கரண்ட் பில் பிழைத்தால் கம்பனிக்கு யார் தண்டம் அடிப்பது? மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கங்களில் மின்பட்டியல் பற்றிய பேச்சு எடுத்தால் அடுத்தடுத்து வரும் கேள்விகள் இவை. கேட்பவர்கள் பேசுகிற மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

லண்டனில இருக்கிற மகன் சொல்றான், அங்க பில் பிழையா வந்தா கம்பனிக்குக் கோடிக்கணக்கில தண்டம் அடிக்கிறாங்களாம். உண்மையா?

உண்மைதான். பிரித்தானியாவில் மின்சாரம், எரிவாயு விற்கும் கம்பனிகளை மேற்பார்க்கும் அமைப்பின் பெயர் ஒஃப்ஜெம். ஒரு கம்பனி அனுமதிப்பத்திர நிபந்தனையை மீறினால், அதன் ஆண்டு வருமானத்தின் 10 வீதம் வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

மகன் சொன்னது பெரும்பாலும் என்-பவர் கம்பனியின் கதையாக இருக்கும். அந்தக் கம்பனி பில் போடும் கணினி முறையைப் புதிதாக மாற்றியது. மாற்றம் ஒழுங்காக நடக்கவில்லை. 2013 செப்டெம்பர் முதல் 2014 டிசம்பர் வரை ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பில்கள் பிந்தியும் பிழைத்தும் போயின. முறைப்பாடு சொன்னவர்களுக்கும் ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை. 2015 டிசம்பரில் 2 கோடி 60 இலட்சம் பவுண் கட்ட வேண்டி வந்தது. அடுத்த ஏப்ரலில் ஸ்கொட்டிஷ் பவர் 1 கோடி 80 இலட்சம் பவுண், 2017 ஜனவரியில் பிரிட்டிஷ் காஸ் 95 இலட்சம் பவுண், 2020 ஜனவரியில் ஓவோ 89 இலட்சம் பவுண். முதல் மூன்றிலும் வேர் ஒன்றுதான்: புதிய கணினி முறைக்கு மாறும்போது வாடிக்கையாளரைக் கவனிக்காமல் விட்டது.

அங்கே "கணினி பிழை விட்டது" என்று சொல்லித் தப்ப முடியாது. கணினி யாருடையதோ பிழையும் அவர்களுடையது. இங்கே நம் கவுண்டர்களில் "சிஸ்டத்தில அப்பிடித்தான் காட்டுது" என்று சொன்னதும் நாம் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோமே, அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அவ்வளவு காசும் யாருக்குப் போகுது? பில் பிழைச்ச சனத்துக்கா?

எல்லாரும் கேட்கத் தவறும் கேள்வி இதுதான். ஒழுங்காகத் தண்டம் என்று விதித்தால் அது அரச திறைசேரிக்குப் போகும். பில் பிழைத்த வீட்டுக்காரருக்கு அதில் ஒரு சதமும் வராது. அரசாங்கத்துக்கு வருமானம், கம்பனிக்கு அவமானம், உங்களுக்கு அதே பிழையான பில்.

இதை உணர்ந்து ஒஃப்ஜெம் ஒரு வழி கண்டுபிடித்தது. 2012இல் ஈ.டி.எஃப் கம்பனி விற்பனையில் முறைகேடு செய்தபோது விதித்த தண்டம் ஒரேயொரு பவுண். ஆனால் அதோடு சேர்த்து 45 இலட்சம் பவுணைக் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு உதவியாகக் கொடுக்கக் கம்பனி ஒப்புக்கொண்டது. பிறகு வந்த பல வழக்குகளும் இந்த வழியில் போயின. ஸ்கொட்டிஷ் பவர் கட்டிய தொகையில் 1 கோடி 50 இலட்சம் வரை வசதி குறைந்த வாடிக்கையாளருக்கும் 30 இலட்சம் தொண்டு நிறுவனங்களுக்கும் என்று பிரித்தார்கள்.

ஆகவே தண்டம் வேறு, நட்டஈடு வேறு. பத்திரிகையில் பெரிய எழுத்தில் வருவது முதலாவது. உங்கள் வீட்டுக்கு வரக்கூடியது இரண்டாவது மட்டும்தான்.

தண்டத்தை விட்டால் வேறு என்ன ஆயுதம் அவர்களிடம் இருக்கிறது?

என் கணிப்பில் தண்டத்தை விடக் கூர்மையானவை மூன்று இருக்கின்றன.

ஒன்று, வியாபாரத்தை நிறுத்துவது. ஸ்கொட்டிஷ் பவருக்கு 2014 கடைசியில் இலக்குகள் கொடுத்தார்கள்: தேங்கிய முறைப்பாடுகளைக் குறை, கம்பனிக்கு வெளியே உள்ள பிணக்குத் தீர்ப்பவரின் முடிவுகளை நடைமுறைப்படுத்து. ஓர் இலக்கைத் தவறவிட்டது. 2015 மார்ச்சில் 12 நாட்கள் தானாகப் போய்ப் புது வாடிக்கையாளர் பிடிக்கத் தடை. பன்னிரண்டு நாள் என்றால் சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் வாடிக்கையாளர் நினைத்தால் வேறு கம்பனிக்கு மாறக்கூடிய நாட்டில் அது உறைக்கும்.

இரண்டு, தானாகக் கிடைக்கும் கொடுப்பனவு. சந்திப்புக்கு நேரம் கொடுத்துவிட்டு ஆள் வராவிட்டால், மீற்றர் பிழை என்று சொல்லியும் உரிய காலத்தில் பார்க்காவிட்டால், குறித்த தொகையை வாடிக்கையாளருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து அது 40 பவுண், அதற்கு முன் 30. தொகை சிறியதுதான். ஆனால் நீதிமன்றம் இல்லை, வழக்கறிஞர் இல்லை, கெஞ்சல் இல்லை.

மூன்று, பழைய நிலுவைக்கு வரம்பு. 2018 மே முதல், கம்பனியின் தவறால் பில் வராமல் போயிருந்தால் 12 மாதத்துக்கு மேற்பட்ட பழைய பாவனைக்குக் காசு கேட்க முடியாது. நாலு வருடம் தூங்கிவிட்டு ஒரு நாள் எழும்பி "இவ்வளவு கட்டு" என்று சொல்ல வழியில்லை. இவற்றுக்கு மேல், முறைப்பாடு எட்டு வாரத்தில் தீராவிட்டால் கம்பனிக்கு வெளியே உள்ள சுயாதீனமான பிணக்குத் தீர்ப்பவரிடம் இலவசமாகப் போகலாம். அவர் சொல்வது கம்பனியைக் கட்டுப்படுத்தும்.

அவுஸ்திரேலியா, இந்தியா?

அவுஸ்திரேலியாவில் கண்காணிக்கும் அமைப்பு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறது. 2022இல் ஒரிஜின் எனர்ஜி கம்பனிக்கு 1 கோடி 70 இலட்சம் டொலர் தண்டம். காசு கட்டக் கஷ்டப்பட்டவர்களின் தவணைத் திட்டங்களைத் தானியங்கி முறை கேட்காமலே மாற்றியதும் நிறுத்தியதும்தான் குற்றம்.

இந்தியா நமக்குக் கிட்டிய கதை. அங்கும் விநியோகம் பெரும்பாலும் அரச கம்பனிகளின் கையில். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 142ஆம் பிரிவில், மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டளையை மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு இலட்சம் இந்திய ரூபாய் வரை, மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு மேலதிகமாக ஆறாயிரம் வரை தண்டம். பெரிய கம்பனிக்கு இது தூசு. ஆனால் அதே சட்டம் ஒவ்வொரு விநியோக நிறுவனமும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் வைக்க வேண்டும் என்கிறது, அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளரும் உண்டு. 56ஆம் பிரிவு, தொடர்ந்து நிலுவையாகக் காட்டி வராத பழைய தொகையை இரண்டு வருடத்துக்குப் பிறகு அறவிட முடியாது என்கிறது. தமிழ்நாட்டில் சாதாரண வீட்டுக்காரர் இந்த மன்றங்களுக்குத் தானே எழுதிப் போகிறார். வழக்கறிஞர் தேவையில்லை.

சரி, இஞ்ச யாரு? எங்கட மின்சார சபைக்கு மேல ஆள் இருக்கா?

இருக்கிறது. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதைப் பிறப்பித்தது, 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் மின்சாரத் துறையில் அதற்கு அதிகாரம் கொடுத்தது. மின்சாரம் விநியோகிக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், கட்டணத்தை ஆணைக்குழு அங்கீகரிக்க வேண்டும், சேவைத் தரத்துக்கு நியமங்கள் வேண்டும், நுகர்வோருக்கும் சபைக்கும் இடையிலான பிணக்கை ஆணைக்குழு கேட்டுத் தீர்க்க முயல வேண்டும். ஏட்டில் எல்லாம் இருக்கிறது.

நடைமுறையில் ஒரு முடிச்சு. பிரித்தானியாவில் கம்பனி தனியாருடையது, தண்டம் பங்குதாரரின் சட்டைப்பையிலிருந்து போகிறது. இங்கே சபை அரசாங்கத்துடையது. அதற்குத் தண்டம் அடித்துத் திறைசேரிக்குக் கொடுத்தால், ஒரு பையிலிருந்து மற்றப் பைக்கு மாறுவதோடு கதை முடியும். அதைவிட மோசமாக, அந்தச் செலவை அடுத்த கட்டணத் திருத்தத்தில் நம் தலையில் கட்டவும் கூடும். அரச நிறுவனத்துக்குப் பெரிய தண்டம் கேட்டுக் கூச்சல் போடுபவர்களோடு நான் உடன்படாததற்குக் காரணம் இதுதான். கேட்க வேண்டியது பில் பிழைத்தவருக்கு நேரடியான நட்டஈடு, பொறுப்பான அதிகாரி எழுத்தில் கொடுக்கும் பதில், கட்டணக் கணக்கில் வெட்டு.

கட்டணக் கணக்கில் வெட்டு என்றால்?

சபை கட்டணத்தைக் கூட்டக் கேட்டால், "இவ்வளவு செலவாகிறது" என்று கணக்குக் காட்ட வேண்டும். ஆணைக்குழு அதை வரிவரியாகப் பார்த்து, தேவையற்ற செலவை ஏற்க மறுக்கலாம். 2024 கடைசியில் சபை கட்டணத்தை அப்படியே வைத்திருக்கக் கேட்டது. கணக்கைப் பார்த்த ஆணைக்குழு 2025 ஜனவரி 17 முதல் சராசரியாக 20 வீதம் குறைத்தது. எந்தத் தண்டத்தையும் விட நம் வீடுகளுக்குக் கிடைத்த பெரிய காசு அது. ஜூனில் மறுபடி 15 வீதம் கூடியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த அதிகாரம் எவ்வளவு கூரானதோ அவ்வளவு அரசியலும் அதைச் சுற்றி இருக்கிறது. 2023 பெப்ரவரியில் 66 வீத உயர்வை அன்றைய தலைவர் ஜானக ரத்நாயக்க எதிர்த்தார், மற்ற உறுப்பினர்கள் அங்கீகரித்தார்கள். அதே வருடம் மே 24இல் நாடாளுமன்றம் 123க்கு 77 என்ற வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. அவர் செய்தது சரியா பிழையா என்று ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். தண்டிக்க வேண்டியவரையே நீக்க முடிகிற இடத்தில் தண்டனை எவ்வளவு தூரம் போகும் என்பதை நீங்களே யோசியுங்கள்.

இப்ப சபையைப் பிரிக்கிறாங்களாமே, மறுகா யாரிட்டப் போறது?

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025இல் வந்த திருத்தமும் உற்பத்தி, கடத்தல், விநியோகம் என்று சபையைக் கம்பனிகளாகப் பிரிக்கின்றன. உரிமை அரசாங்கத்திடம்தான். கண்காணிப்பு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம்தான். பெயர்ப்பலகையும் கடிதத் தலைப்பும் மாறும். உங்கள் கணக்கு இலக்கத்தையும் பழைய பில்களையும் எறிந்துவிடாதீர்கள்.

போன மாசம் 55 யூனிட், இந்த மாசம் 110. வீட்டில புதுசா ஒண்டும் வாங்கல்ல. எங்க பிழை?

சண்டைக்குப் போக முன் பில்லை ஒரு தரம் ஒழுங்காகப் படியுங்கள். பாதிப் பேர் அடித்தொகையை மட்டும் பார்க்கிறார்கள்.

முதலில் முந்தைய வாசிப்பு, தற்போதைய வாசிப்பு. மீற்றர் பெட்டியைத் திறந்து இன்றைய எண்ணைப் பாருங்கள். பில்லில் உள்ள தற்போதைய வாசிப்பு இன்று மீற்றரில் உள்ளதைவிடக் கூடுதலாக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, பில் பிழை. பழைய சில்லு மீற்றரில் கடைசியில் நிறம் மாறிய ஒரு இலக்கம் இருக்கும். அது தசமம். அதையும் சேர்த்து வாசித்தால் பாவனை பத்து மடங்காகிவிடும்.

அடுத்தது நாட்களின் எண்ணிக்கை. இதுதான் முக்கியம். நம் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு விலை, அதைத் தாண்டினால் வேறு விலைப்பட்டியல், நிலையான கட்டணமும் கூட. அந்த 60 என்பது 30 நாளுக்கு. ஒரு மாதம் மீற்றர் பார்க்கிறவர் வரவில்லை என்று வையுங்கள். வெள்ளம், பூட்டிய கேற், கடிக்கிற நாய், காரணம் எதுவானாலும் சரி. அடுத்த முறை 61 நாளுக்குச் சேர்த்து 110 யூனிட் வரும். 61 நாள் என்று ஒழுங்காகக் கணக்கிட்டால் 60 என்ற வரம்பு 122 ஆக விரியும். 110 அதற்குள் அடங்கும், நீங்கள் பழைய விலையிலேயே நிற்பீர்கள். அதே 110ஐ 30 நாள் பாவனை என்று போட்டால் மேல்படிக்கு ஏறிவிடுவீர்கள். யூனிட் எண்ணிக்கை சரி, காசு பிழை. கவுண்டரில் "யூனிட் சரிதானே" என்று சொல்லி அனுப்புவார்கள். நாட்களைக் காட்டுங்கள்.

மூன்றாவது, மதிப்பீட்டு வாசிப்பு. மீற்றரைப் பார்க்காமல் முந்தைய மாதங்களின் சராசரியை வைத்துப் போட்ட பில்லா என்று கேளுங்கள். கொரோனாக் காலத்தில் வாசிப்பவர்கள் வீடுகளுக்கு வராமல் இருந்து, பிறகு மாதக்கணக்கைச் சேர்த்துப் பில் வந்தபோது நாடு முழுக்கக் குழப்பம் வந்தது நினைவிருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், வீட்டில் எல்லா சுவிச்சையும் அணைத்துவிட்டு மீற்றரைப் பாருங்கள். அப்போதும் ஓடினால் ஒழுக்கு இருக்கிறது, அல்லது உங்கள் லைனில் வேறு யாரோ இருக்கிறார்கள். ஓடவில்லை, ஆனால் பாவனை நம்ப முடியாத அளவு என்றால், மீற்றரைப் பரிசோதிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பில் குறுஞ்செய்தியாக வருபவர்கள் மாதம் ஒரு முறை மீற்றரைப் படமெடுத்து வைப்பது நல்லது. படத்தில் திகதி பதிந்திருக்கும்.

கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் கடை மாதிரி பில் வருது. அது சரியா?

வழிபாட்டுத் தலங்களுக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. கடைகளுக்குப் பொதுத் தேவைப் பிரிவு, ஆலைகளுக்குக் கைத்தொழில் பிரிவு. எந்தப் பிரிவில் உங்கள் கணக்கு இருக்கிறது என்று பில்லிலேயே குறியீடு நிற்கும். கட்டும்போது தற்காலிக இணைப்பு எடுத்து, கும்பாபிஷேகம் முடிந்தும் பிரிவை மாற்றாமல் விட்ட கோயில்களில் இப்படி நடப்பதுண்டு. சம்மாந்துறையில் நெல் குற்றுகிறவரோ மருதமுனையில் தறி ஓட்டுகிறவரோ தன் வீட்டு வளவிலேயே தொழில் செய்தால் பிரிவுச் சிக்கல் இன்னும் கூடும். தொழிலுக்குத் தனி மீற்றர் எடுப்பது நீண்ட காலத்துக்கு நல்லது. பிரிவு பிழை என்றால் நிர்வாக சபைத் தீர்மானத்தின் பிரதியோடு பிரதேச மின் பொறியியலாளருக்கு எழுத வேண்டும். எப்போதிருந்து பிழை என்று திகதி குறிப்பிட்டு, கூடுதலாகக் கட்டியதைத் திருப்பிக் கணக்கில் சேர்க்கவும் அதே கடிதத்தில் கேளுங்கள். கேட்காவிட்டால் இனி வரும் பில்லை மட்டும் திருத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

கவுண்டரில போய் நல்லாக் கிழிச்சிட்டு வந்தன். அது முறைப்பாடு இல்லையா?

இல்லை. உங்கள் கோபம் தீர்ந்தது, அவ்வளவுதான். பேரேட்டில் ஒரு வரியும் ஏறவில்லை.

லண்டன் கதைக்கு ஒரு நிமிடம் திரும்புவோம். ஸ்கொட்டிஷ் பவர் எப்படி மாட்டியது? 2013 ஜூன் முதல் 2015 டிசம்பர் வரை அதற்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் வந்தன. ஒவ்வொன்றையும் பதிய வேண்டும் என்பது அங்கே விதி. அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒஃப்ஜெம் விசாரணைக்கு இறங்கியது. பதிவே இல்லாத பத்து இலட்சம் சண்டையை வைத்து எந்த ஆணைக்குழுவும் எதையும் செய்ய முடியாது. கல்முனையில் ஒரு நாளைக்கு நூறு பேர் கவுண்டரில் கத்தினாலும், எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் கொழும்பில் உள்ளவருக்குக் கிழக்கு மாகாணம் மிகத் திருப்தியான மாகாணமாகத்தான் தெரியும்.

ஆகவே 1987 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அலுவலகத்துக்குப் போனால் கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் கையெழுத்தும் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் பதிவுத்தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. ஒரு மாதிரி:

"பிரதேச மின் பொறியியலாளர் அவர்கட்கு. எனது கணக்கு இலக்கம் இது. இந்தத் திகதியிட்ட பில்லில் பாவனை 110 அலகுகள், காலம் 30 நாட்கள் எனக் காட்டப்பட்டுள்ளது. முந்தைய வாசிப்பு எடுக்கப்பட்ட திகதியிலிருந்து கணக்கிட்டால் காலம் 61 நாட்கள். மீற்றரின் புகைப்படமும் கடைசி ஆறு பில்களின் பிரதிகளும் இணைக்கப்பட்டுள்ளன. பில்லைச் சரியான நாட்களுக்கு மீளக் கணக்கிட்டு, முடிவை எழுத்தில் அறியத்தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அதுவரை சர்ச்சைக்குரிய தொகைக்காக இணைப்பைத் துண்டிக்காதிருக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்."

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். "பல வருடமாக நான் படும் வேதனை" என்று தொடங்கும் கடிதங்களில் கடைசிவரை கணக்கு இலக்கம் இருப்பதில்லை.

பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ அதே கடிதத்தின் பிரதியோடு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். முதலில் சபையிடம் கேட்டீர்களா என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள். முத்திரை குத்திய பிரதி அங்கேதான் உதவும்.

பிழையான பில்லைக் கட்டுறதா, கட்டாம விடுறதா?

முழுதும் கட்டாமல் விடாதீர்கள். சிவப்பு நோட்டீஸ் வரும், மறுகா லைன் வெட்ட ஆள் வருவார், திரும்பக் கொடுக்க மீளிணைப்புக் கட்டணமும் சேரும். பிழைத்த மாதத்துக்கு முந்தைய மாதங்களின் சராசரியளவு தொகையைக் கட்டி, மிச்சம் சர்ச்சையில் இருக்கிறது என்று கடிதத்தில் எழுதுங்கள். பாதுகாப்பு இதில் நூறு வீதம் இல்லை. ஆனால் கட்ட மனமில்லாதவர் என்று உங்களைச் சொல்ல முடியாமல் போகும்.

கரண்ட் கூடிக் குறைஞ்சு பிரிட்ஜ் எரிஞ்சு போச்சு. அதுக்கு யாரு பொறுப்பு?

நடந்த அன்றே 1987க்கு அறிவித்து இலக்கம் வாங்குங்கள். திருத்துபவரிடம் "மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் பழுது" என்று எழுதி வாங்குங்கள். பக்கத்து வீடுகளிலும் பொருட்கள் எரிந்திருந்தால் எல்லாரும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுங்கள். தனி வீட்டுப் பழுதை வீட்டு வயரிங்கின் தலையில் போடுவது சுலபம், ஒரே தெருவில் ஐந்து வீட்டுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

வெறும் மின்வெட்டுக்கு நட்டஈடு கேட்பது இங்கே கடினம். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டது. குரங்கிடம் யார் போய் நட்டஈடு கேட்பது என்று நாமும் சிரித்துவிட்டு விட்டோம். புயலைப் பொறுத்தவரை எந்த நாட்டிலும் கம்பனிக்குச் சலுகை உண்டு. 78ஆம் ஆண்டுச் சூறாவளி மாதிரி ஒன்று வந்தால் கம்பம் சாய்ந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சலுகையும் எல்லையற்றது இல்லை. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் பிரித்தானியாவின் வடக்கைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான வீடுகள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. மரம் விழுந்ததற்காக அல்ல, சனத்துக்குச் சரியான தகவல் சொல்லாததற்கும் நட்டஈட்டைப் பிந்திக் கொடுத்ததற்கும் விநியோகக் கம்பனிகள் விசாரிக்கப்பட்டன, வழமையான நட்டஈட்டுக்கு மேலே காசு கட்டின. "எப்ப வரும்?" என்று கேட்டவருக்குப் பதில் சொல்லாததும் ஒரு சேவைக் குறைபாடு என்பது அந்தத் தீர்மானத்தில் இருக்கிறது. வாகரையிலும் பொத்துவிலிலும் அடைமழைக் காலத்தில் இருட்டில் இருந்து போன் அடித்தவர்களுக்கு அதன் பெறுமதி விளங்கும்.

பதில் சிங்களத்தில வந்திருக்கு. என்ன செய்யுறது?

அப்படியே திருப்பி அனுப்பித் தமிழில் கேளுங்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி, அரசியலமைப்பு சொல்கிறது. அம்பாறை நகரிலிருந்து வந்தாலும் கொழும்பிலிருந்து வந்தாலும் தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் கிடைக்க வேண்டும். தொடர்ந்து மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் தனி முறைப்பாடு கொடுக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் மொழிபெயர்த்து வாசித்துவிட்டு விடுவதால்தான் இது மாறாமல் கிடக்கிறது.

அவங்க உள்ள என்ன செய்யுறாங்க எண்டு எப்பிடித் தெரியும்?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். சபையிலும் ஆணைக்குழுவிலும் தகவல் அலுவலர் இருக்க வேண்டும், தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் ஆணைக்குழு.

கேள்வி குறுகலாக இருந்தால்தான் பதில் வரும். "ஏன் பில் கூடுகிறது" என்று கேட்டால் ஒரு பக்கத்துக்கு விளக்கம் வரும், ஒன்றும் கிடைக்காது. "எனது மீற்றர் கடந்த 12 மாதங்களில் வாசிக்கப்பட்ட திகதிகளும் வாசிப்புகளும்" என்று கேளுங்கள். சங்கமாகவோ கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பேரிலோ கேட்பதென்றால் இன்னும் நல்லது: "இந்தப் பிரதேச அலுவலகத்துக்குக் கடந்த வருடம் கிடைத்த பில் முறைப்பாடுகள் எத்தனை, திருத்தப்பட்டவை எத்தனை, மதிப்பீட்டு வாசிப்பில் அனுப்பிய பில்கள் எத்தனை." அந்த மூன்று எண்ணும் கையில் இருந்தால் பிரதேச செயலகக் கூட்டத்தில் பேச்சின் தொனியே வேறாகும். அதே எண்களை ஆணைக்குழுவுக்கும் அனுப்பலாம்.

மனித உரிமை, கோடு கச்சேரி?

சபை அரச நிறுவனம் என்பதால், ஒருவருக்கு ஒரு விதி மற்றவருக்கு வேறு விதி என்று நடந்திருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் போகலாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதற்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்கு என்றால் ஒரு மாதக் கெடு இருக்கிறது. தனி ஒரு பில்லுக்கு அவ்வளவு தூரம் போவது செலவுக்குக் கட்டாது. ஒரு கிராமத்துக்கே அநியாயம் என்றால் வேறு கதை.

முறைப்பாடு குடுத்தா கோவிச்சுக்கொண்டு லைனை வெட்டுவாங்களோ?

இந்தப் பயத்தை வயதானவர்களிடம் அதிகம் பார்க்கிறேன். கம்பத்தில் ஏறுகிறவரும் மீற்றர் பார்க்கிறவரும் ஊர்ப் பிள்ளைகள், "தம்பி" என்று கூப்பிட்டுப் பழகியவர்கள். அவர்கள் மேல் முறைப்பாடு சொல்வதாக நினைத்துத் தயங்குகிறார்கள். கடிதத்தில் எந்த ஊழியரின் பெயரும் தேவையில்லை. கணக்கு, திகதி, எண், கோரிக்கை போதும். கட்டிய ரசீதும் முத்திரை குத்திய பிரதியும் உங்களிடம் இருக்கும்போது காரணமில்லாமல் லைன் வெட்டினால் அது ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டிய இரண்டாவது முறைப்பாடு. வெட்டிய திகதியையும் நேரத்தையும், மீற்றரில் அப்போது நின்ற எண்ணையும் குறித்து வையுங்கள்.